குறட்டை விடும் பிள்ளையும் வகுப்புக் கவனமும்: ரொன்சில் எடுத்தால் புள்ளி கூடுமா?

#1 உவர்மலை_ரீச்சர்

தரம் நான்கு, ஐந்து பெற்றோர் மத்தியில் ஒரு கதை வேகமாகப் பரவுது. குறட்டை விடுகிற பிள்ளைக்கு மூளைக்கு ஒட்சிசன் போகாதாம், அதனால்தான் பாடம் ஏறுவதில்லையாம், ரொன்சிலை எடுத்துவிட்டால் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடுமாம். திருகோணமலையில் உவர்மலையிலும் கேட்கிறது, உப்புவெளியிலும் கேட்கிறது. சிலர் பரீட்சைத் திகதியை வைத்துக்கொண்டு அதற்கு முன்னர் ஒப்பரேசனுக்கு நாள் தேடுகிறார்கள்.

இங்கே ஆய்வுக் கட்டுரைகளை முறையாக வாசிக்கிறவர்களும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். குறட்டைக்கும் கவனம், நினைவு, நடத்தைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது? சிகிச்சை எதை மாற்றும், எதை மாற்றாது? வகுப்பில் நிற்கிற ஆசிரியர் எதைக் கவனித்து, யாரிடம் அனுப்ப வேண்டும்? பொதுவான அறிவுரை வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமாக வேண்டும்.

#2 புள்ளிவிபரன்

தொடர்பு உண்டு, ரீச்சர். அதைக் கவனித்ததும் புதிதல்ல. 1889இலேயே வில்லியம் ஹில் என்ற மருத்துவர் பிரித்தானிய மருத்துவ இதழில், மூக்கடைத்து வாயால் மூச்சுவிடும் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது பற்றி எழுதினார். பிறகு நீண்ட காலம் பெரிதாக யாரும் அதைத் தொடவில்லை. 1976இல் கிறிஸ்டியன் கிலெமினோவின் குழு நித்திரையில் மூச்சு நிற்கும் எட்டுப் பிள்ளைகளை விவரித்த பின்னர்தான் இது சிறுவர் மருத்துவத்தில் தனி நோயாக இடம் பிடித்தது.

பெற்றோர் இன்று சொல்லும் கதைக்கு வேர் 1998இல் டேவிட் கோசல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் முதலாம் வகுப்பில் கடைசிப் பத்து வீதத்தில் இருந்த 297 பிள்ளைகளை எடுத்து, வீட்டிலேயே ஓர் இரவு ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் அளந்தார்கள். 54 பேருக்கு நித்திரையில் வாயுப் பரிமாற்றக் கோளாறு இருந்தது. அதில் 24 பேருக்கு ரொன்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினோயிட் சதையும் அகற்றப்பட்டன. அடுத்த வருடம் அவர்களின் சராசரித் தரப்புள்ளி 2.43இலிருந்து 2.87க்கு ஏறியது. சிகிச்சை பெறாதவர்களிடம் மாற்றமில்லை.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. யாருக்கு ஒப்பரேசன் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. சம்மதித்த பெற்றோரின் பிள்ளைகளுக்குச் செய்தார்கள், மற்றவர்களுக்குச் செய்யவில்லை. பிள்ளையின் நோயை அக்கறையோடு துரத்துகிற பெற்றோர் படிப்பையும் அக்கறையோடு துரத்தக்கூடும். புள்ளி கூடியதில் எவ்வளவு ஒப்பரேசனால், எவ்வளவு வீட்டால் என்று இந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது.

2012இல் கரன் பொனக்கின் குழு இங்கிலாந்தில் 11,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து ஏழு வயது வரை தொடர்ந்து பார்த்தது. குறட்டை, வாய்மூச்சு, மூச்சு நிற்றல் கடுமையாக இருந்தவர்களுக்கு ஏழு வயதில் நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 முதல் 100 வீதம் வரை அதிகம். இதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது. சிகிச்சை கொடுத்தால் அது திரும்புமா என்பது வேறு கேள்வி.

#3 பாலையூற்று_வாசகர்

சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வே இல்லையா?

#4 புள்ளிவிபரன்

உண்டு. முக்கியமானவை மூன்று. பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டியதும் இவற்றைத்தான்.

முதலாவது, சாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு, 2013. கரோல் மார்க்கஸ் தலைமையில் 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகள். எல்லோருக்கும் முழு இரவுப் பரிசோதனையில் மூச்சுத்தடை உறுதியானது. பாதிப்பேருக்கு உடனே ஒப்பரேசன், பாதிப்பேர் ஏழு மாதம் கண்காணிப்பில். முடிவில் கவனத்தையும் திட்டமிடும் திறனையும் பிள்ளையை நேரே உட்காரவைத்துச் சோதித்தார்கள். இரு குழுவும் கொஞ்சம் முன்னேறின. இடைவெளி புள்ளிவிபரப்படி பொருட்படுத்தக்கூடியதாக இல்லை. ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய நடத்தைப் படிவங்களிலும், பிள்ளையின் வாழ்க்கைத் தரத்திலும், நித்திரைப் பரிசோதனையிலும் ஒப்பரேசன் குழு தெளிவாக முந்தியது. 79 வீதமானோருக்கு நித்திரைப் பரிசோதனை வழமைக்குத் திரும்பியது. ஒப்பரேசன் இல்லாமலே 46 வீதமானோருக்குத் திரும்பியது. இந்த 46 வீதத்தை யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை.

இரண்டாவது அவுஸ்திரேலியாவில், 2020. பாலர் வயதுப் பிள்ளைகள் 190 பேர், 12 மாதம். பொது அறிவாற்றல் சோதனையில் வித்தியாசமில்லை. நடத்தையும் நித்திரையும் முன்னேறின.

மூன்றாவது பாட்ஸ் என்ற ஆய்வு, 2023, சூசன் ரெட்லைன் குழு. குறட்டை உண்டு, மூச்சுத்தடை மிகக் குறைவு என்ற நிலையில் உள்ள 459 பிள்ளைகள், 12 மாதம். கவனத்திலும் திட்டமிடும் திறனிலும் வித்தியாசமில்லை. நடத்தை, பகல் தூக்கம், வாழ்க்கைத் தரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஒப்பரேசன் குழுவுக்கு நன்மை.

மூன்று ஆய்வும் வெவ்வேறு வயதில், வெவ்வேறு கடுமையில் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. நித்திரை திருந்தும், எரிச்சலும் துள்ளலும் குறையும். சோதனைத் தாளில் புள்ளி கூடும் என்று வாக்குக் கொடுக்க ஆதாரம் இல்லை. பரீட்சைத் திகதியைப் பார்த்து ஒப்பரேசன் நாள் எடுக்கிறவர்களிடம் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

#5 நித்திரைக்கூடம்

எண்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்ப குறட்டையை விட்டுவிடலாம்" என்று யாரும் போய்விடக் கூடாது. சாட் ஆய்வில் ஒட்சிசன் நீண்ட நேரம் விழுந்துகிடக்கும் கடுமையான பிள்ளைகளைச் சேர்க்கவே இல்லை. அவர்களை ஏழு மாதம் காத்திருக்க வைப்பது நெறியல்ல என்பதால் விட்டார்கள். ஆகவே அந்த முடிவைக் கடுமையான பிள்ளையின் மேல் பொருத்த முடியாது. ஏழு மாதம் என்பதும் குறுகிய காலம். பல வருடம் துண்டு துண்டாக நித்திரை கொண்ட பிள்ளை தவறவிட்ட வாசிப்பும் கணக்கும் மூச்சு சீரானவுடன் தானாக வந்து நிறையாது. கற்பித்து நிறைக்க வேண்டியது அது.

உடலுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் மூச்சுப்பாதை ஒடுங்கும்போது இரண்டு கேடு சேர்ந்து வருகிறது. ஒட்சிசன் விழுந்து விழுந்து ஏறுகிறது. மூச்சை மீட்க மூளை ஒவ்வொரு தடவையும் சிறு விழிப்புக் கொடுக்கிறது. 2002இல் டீன் பீபியும் கோசலும் முன்வைத்த விளக்கப்படி இதில் அதிகம் அடிபடுவது மூளையின் முன்பகுதியான முன்நெற்றிப் புறணி. அடக்கிக்கொள்வது, திட்டமிடுவது, ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மற்றொன்றைச் செய்வது எல்லாம் அதன் வேலை. 2006இல் ஆன் ஹால்பவரின் குழு கடுமையான மூச்சுத்தடை உள்ள பிள்ளைகளின் மூளையில் நினைவுக்குரிய பகுதியான ஹிப்போகம்பசிலும் வலது முன்மூளையிலும் நரம்புக்கல இரசாயன மாற்றங்களை எம்.ஆர்.ஐ. முறையில் காட்டியது.

பெரியவர்களிடம் இந்த நோய் பகல் தூக்கமாக வரும். பிள்ளைகளிடம் பல தடவை எதிர்மாறாக, துருதுருப்பாகவும் சண்டையாகவும் வரும். வகுப்பில் தூங்கவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று. மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணைத்தான் நாங்கள் கடுமை என்கிறோம். பிள்ளைகளில் 1க்கு மேல் வழமையல்ல, 5 வரை இலேசு, 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆனால் இந்த எண்ணும் பிள்ளையின் கவனக்குறைவும் ஒன்றுக்கொன்று ஈடாக ஏறி இறங்குவதில்லை. எண் 1க்குக் கீழே இருக்கும் வெறும் குறட்டைப் பிள்ளையிடமும் கவனக்குறைவு கண்டிருக்கிறார்கள். எண் 8 இருந்தும் வகுப்பில் முதலிடம் வரும் பிள்ளையும் உண்டு.

#6 கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாமார் "எங்கட பிள்ளை குறட்டை விடாது" என்று உறுதியாகச் சொல்றாங்க. கிளினிக்கில் டொக்டர் பார்க்கிற நேரம் பிள்ளை முழிச்சிருக்கும். வீட்டில் எப்படி உறுதி செய்வது? கொரோனா காலத்தில் வாங்கின விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற ஒக்சிமீற்றர் பல வீட்டில் கிடக்குது. அது உதவுமா?

#7 நித்திரைக்கூடம்

வ அலைக்கும் ஸலாம் நானா. முதலில் யாரிடம் கேட்பது என்பதைத் திருத்துங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்க வேண்டும். பல வீட்டில் அது உம்மம்மா அல்லது மூத்த தாத்தா (அக்கா). கேட்கும்போதும் குறட்டை என்று மட்டும் கேட்காமல், மூச்சு இழுபடும் சத்தம் வருதா, நடுவில் நின்று பிறகு "க்ஹ்" என்று வாங்குதா, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு படுக்குதா, தலையணை வியர்வையில் நனையுதா, சலம் போவது நின்ற பிள்ளை மறுபடி பாயில் போகுதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிழமையில் மூன்று இரவுக்கு மேல், தடிமன் இல்லாத நாளிலும் குறட்டை இருந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டியது.

போன் வீடியோ மிகவும் உதவும். எடுக்கும் முறையில் அதிகம் தவறுகிறது.

பெரும்பாலானோர் பிள்ளை உறங்கிய அரை மணியில், இரவு ஒன்பதரை பத்துக்கு எடுக்கிறார்கள். அப்போது ஆழ்ந்த நித்திரை, மூச்சு ஒழுங்காக இருக்கும். பிள்ளைகளின் மூச்சுத்தடை கனவு நித்திரையில்தான் கூடுகிறது, கனவு நித்திரை இரவின் கடைசிப் பகுதியில் நீளுகிறது. அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் எடுங்கள். இரண்டு இரண்டு நிமிடமாக நாலைந்து துண்டு போதும்.

மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் வயிறும் முகமும் ஒரே சட்டத்துக்குள் வர, பக்கவாட்டில் இருந்து எடுக்க வேண்டும். வைத்தியர் பார்ப்பது நெஞ்சு உள்வாங்கும்போது வயிறு மேலெழுகிறதா என்பதை. முகத்தை மட்டும் கிட்டவாக எடுத்த வீடியோவில் இது தெரியாது. போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டூலில் சாய்த்து வையுங்கள். வலைக்கு வெளியே நின்று எடுத்தால் கமரா நுளம்பு வலையைக் குவித்துவிட்டுப் பிள்ளையை மங்கலாக்கும். போனை வலைக்குள் வையுங்கள். மின்விசிறிச் சத்தம் மூச்சை விழுங்கிவிடும், அந்த இரண்டு நிமிடத்துக்கு நிறுத்துங்கள். மேல்விளக்கு வேண்டாம், சுவர்ப்பக்கம் திருப்பிய சிறு டோர்ச் வெளிச்சம் போதும். பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டாம், தானாகக் கிடக்கும் நிலையே வேண்டும்.

ஒக்சிமீற்றர் விடயத்தில் கவனம். விரலில் மாட்டிப் பார்த்து 98 என்று கண்டு திருப்திப்பட்டால் அது எதையும் சொல்லவில்லை. மூச்சு நின்று ஒட்சிசன் விழுவதும் ஏறுவதும் சில செக்கன்களில் முடிந்துவிடும். வைத்தியசாலையில் இதற்குப் பாவிக்கும் கருவி இரவு முழுவதும் பதிவு செய்யும், சராசரி எடுக்கும் நேரம் 2 அல்லது 3 செக்கன். மலிவான கருவி பதிவே வைக்காது. சில கருவிகள் 8 செக்கனுக்கு மேல் சராசரி எடுத்துக் குறுகிய வீழ்ச்சியை மறைத்துவிடும்.

முறையான பதிவைப் படிக்க மக்கில் அளவுகோல் என்று ஒன்று உண்டு. கனடாவில் இருந்து வந்தது, 2004இல் ஜிலியன் நிக்ஸன் முதலானோர் வெளியிட்டது. குறைந்தது ஆறு மணித்தியாலம் நல்ல பதிவு வேண்டும். 90 வீதத்துக்குக் கீழே மூன்று தடவையாவது விழுந்து, அந்த வீழ்ச்சிகள் மூன்று கொத்துகளாகவாவது வந்தால் அது நேர்மறை. 85க்குக் கீழே மூன்று தடவை என்றால் அடுத்த படி, 80க்குக் கீழே என்றால் அதற்கும் அடுத்தது, இவர்களுக்கு வரிசையில் முன்னிடம் கொடுக்க வேண்டும். நேர்மறை வந்தால் ஏறக்குறைய நம்பலாம். எதிர்மறை வந்தால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகளில் பலருக்கு ஒட்சிசன் பெரிதாக விழாமலே விழிப்பு மட்டும் வந்துகொண்டிருக்கும்.

#8 தொண்டைப்பிரிவு_தாதி

மேலே எழுதியதோடு இரண்டு சேர்க்கிறேன். பெருநாள், கலியாணம் முடிந்த கிழமையில் விரல் நுனியில் கடும் மருதோண்டி இருக்கும். கறுப்பு மருதோண்டி ஒளியை உறிஞ்சி அளவைக் குழப்பும். கால் பெருவிரலில் மாட்டுங்கள், சாக்ஸ் போட்டு மூடினால் பிள்ளை கழற்றாது. தோல் நிறமும் பாதிக்கும். 2020இல் மைக்கல் ஸ்யோடிங் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் உண்மையில் ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி நல்ல எண் காட்டியது வெள்ளைத் தோல் நோயாளிகளைவிடக் கறுப்புத் தோல் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு. அது பெரியவர்களில் செய்த ஆய்வு. ஆனாலும் எங்கள் பிள்ளைகளின் 92ஐப் பார்த்து உறுதியாக நல்லது என்று எழுதக் கூடாது.

ரொன்சிலின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். தொண்டையின் அகலத்தில் கால்வாசிக்குக் கீழே அடைத்தால் 1, பாதி வரை 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. பெற்றோர் "நாலாம் தரமாம், உடனே வெட்ட வேண்டுமாம்" என்று பதறுகிறார்கள். அளவும் நித்திரை மூச்சுத்தடையின் கடுமையும் நெருங்கிப் பொருந்துவதில்லை. 4 இருந்தும் அமைதியாக நித்திரை கொள்ளும் பிள்ளை உண்டு. ரொன்சில் 2தான், ஆனால் மூக்குக்குப் பின்னால் அடினோயிட் வழியை அடைத்திருக்கும் பிள்ளையும் உண்டு. அடினோயிட் வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது.

#9 சிறுவர்_மருத்துவம்

அடினோயிட் என்றவுடன் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது காது. பெரிய அடினோயிட் காதுக்குப் போகும் குழாயை அடைத்து, செவிப்பறைக்குப் பின்னால் பசைபோன்ற திரவம் தேங்கும். காது வலிக்காது, காய்ச்சல் இருக்காது. பிள்ளை தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல அரைகுறையாகக் கேட்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பி ஆசிரியர் சொல்வது இந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. அதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். கிழமைக்குக் கிழமை கேட்டல் மாறும் என்பதால் "நேற்று கேட்டது, இன்று கேட்காத மாதிரி நடிக்கிறான்" என்ற பழியும் விழும். வாயால் மூச்சுவிடும், மூக்கடைத்த குரலில் பேசும் எந்தப் பிள்ளைக்கும் நித்திரைப் பரிசோதனைக்கு முன்னர் கேட்டல் பரிசோதனை கேளுங்கள். இது கையில் கிடைக்கும், விரைவில் முடியும், விடை உடனே தெரியும்.

அடுத்தது இரும்புச்சத்து. இரவில் காலை உதைத்துக்கொண்டு, "கால் குறுகுறுக்குது, பிடிச்சு விடுங்க" என்று சொல்லும் பிள்ளைக்கு அமைதியற்ற கால் நோய் இருக்கலாம். அதுவும் நித்திரையைக் கெடுத்துப் பகலில் துருதுருப்பைக் கொண்டுவரும். ஹீமோகுளோபின் வழமையாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 50 மைக்ரோகிராம்/லீற்றருக்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டி. காய்ச்சல், தொற்று உள்ள கிழமையில் பெரிட்டின் பொய்யாக உயரும், அப்போது எடுத்த இரத்தத்தை நம்ப வேண்டாம்.

எதற்கும் காத்திராமல் அனுப்ப வேண்டியவர்களும் இருக்கிறார்கள். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்குக் குறட்டை இல்லாவிட்டாலும் நாலு வயதுக்குள் நித்திரைப் பரிசோதனை செய்ய அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. முகத்தாடை அமைப்பில் பிறவிக் குறை, தசைநோய், அதிக உடற்பருமன், வளர்ச்சி வளைகோடு கீழே இறங்குதல், நித்திரையில் நீலம் பூத்தல் ஆகியவை இருந்தாலும் அப்படியே.

#10 உவர்மலை_ரீச்சர்

காது பற்றிச் சொன்னது மிகவும் தேவையானது டொக்டர். பெற்றோரிடம் கொடுக்கக்கூடிய வினாப்படிவம் எதுவும் உண்டா?

#11 நித்திரைக்கூடம்

ரொனால்ட் செர்வின் 2000இல் வெளியிட்ட சிறுவர் நித்திரை வினாப்படிவம் பெரும்பாலும் பாவிக்கப்படுகிறது. 22 கேள்வி, ஆம், இல்லை, தெரியாது. ஆம்களின் எண்ணிக்கையை, ஆமும் இல்லையும் சேர்ந்த தொகையால் பிரிக்க வேண்டும். தெரியாது என்பதைத் தொகையில் சேர்க்கக் கூடாது. இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். 0.33க்கு மேல் போனால் சந்தேகம், எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தால் அது 8 ஆம்கள். ஆறு கேள்விகள் கவனக்குறைவும் துருதுருப்பும் பற்றியவை. அதனால் மூச்சில் எந்தக் குறையும் இல்லாத, கவனக்குறைவு மட்டும் உள்ள பிள்ளை இரண்டு மூன்று சில்லறை ஆம்களோடு எல்லையைத் தாண்டிவிடும். எண்ணை மட்டும் பார்க்காமல் எந்தக் கேள்விக்கு ஆம் என்று பாருங்கள்.

#12 பாலையூற்று_வாசகர்

ஒப்பரேசன் இல்லாமல் மருந்தால் முடியாதா? கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கடைப்புத்தானே.

#13 தொண்டைப்பிரிவு_தாதி

இலேசான பிள்ளைக்கு முதல் படியே அதுதான். மெல்பேர்னில் செய்து 2023இல் வெளியான ஆய்வில், 3 முதல் 12 வயது வரையான குறட்டைப் பிள்ளைகளில் ஒரு பாதிக்கு வீக்கத்தைக் குறைக்கும் மொமெற்றசோன் மூக்கு ஸ்பிரே, மறு பாதிக்கு வெறும் உப்புநீர் ஸ்பிரே, ஆறு கிழமை. அறிகுறி தீர்ந்தவர்கள் மொமெற்றசோனில் 44 வீதம், உப்புநீரில் 41 வீதம். ஏறக்குறைய சமம். கடும் அறிகுறி இல்லாத பிள்ளையை ஆறு கிழமை உப்புநீரில் வைத்துப் பார்ப்பது நியாயமான தொடக்கம்.

வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய நீர் 200 மில்லிலீற்றருக்கு உப்பு 1.8 கிராம், அதாவது தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கிணற்று நீரைக் கொதிக்காமல் மூக்குக்குள் விடவே வேண்டாம். தினமும் புதிதாகச் செய்ய வேண்டும். உப்புக் கூடினால் எரியும், பிள்ளை இரண்டாம் நாளே மறுத்துவிடும்.

ஸ்பிரே அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிய வைத்து, வலது மூக்குக்கு இடது கையால், குழாயின் முனையைக் காதுப் பக்கமாகச் சரித்து அடிக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் மூக்கிலிருந்து இரத்தம் கசியும், மருந்தும் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் எல்லாம் தொண்டைக்குள் போய்விடும். மூன்று நாளில் பலன் இல்லை என்று நிறுத்துகிறார்கள், ஆறு கிழமை என்பது ஆறு கிழமைதான்.

மொன்டிலுகாஸ்ட் என்ற ஒவ்வாமை மாத்திரையும் எழுதப்படுவதுண்டு. 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிருவாகம் அதன் மேல் கடும் எச்சரிக்கை போட்டது: கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம். நடத்தையைத் திருத்தத் தொடங்கிய சிகிச்சை நடத்தையைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்படி ஏதும் கண்டால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தான பிரிட்டோன் கொடுத்து உறங்கவைப்பது மூச்சுத்தடைக்கு மருந்தல்ல. வாயில் பிளாஸ்ரர் ஒட்டிப் படுக்கவைக்கும் பழக்கம் இணையத்தில் பரவுகிறது. மூக்கடைத்த பிள்ளைக்கு அது ஆபத்து, செய்யவே வேண்டாம்.

படுக்கும் அறையில் நுளம்புத்திரியும் சிகரட் புகையும் வேண்டாம். வலை இருக்கிறது, அதைக் கட்டுங்கள்.

#14 கிண்ணியா_நானா

ஒப்பரேசன் என்று முடிவாகிவிட்டால் எங்கட பக்கத்தில் பயப்படுறது இரண்டு விடயத்துக்கு. ஒன்று இரத்தம் போறது, மற்றது டெங்கு. 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம்.

#15 தொண்டைப்பிரிவு_தாதி

இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் நானா.

இரத்தம் போவதற்கு இரண்டு காலம். முதல் 24 மணித்தியாலம், அது வார்ட்டிலேயே கண்காணிக்கப்படும். அடுத்தது ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, காயத்தின் மேல் படிந்த வெள்ளைப் படை உரியும் காலம். வெள்ளைப் படையும் வாய் நாற்றமும் சீழ் அல்ல, ஆறும் அடையாளம். ஆனால் சிவப்பாகப் புது இரத்தம் துப்பினால், எவ்வளவு குறைவாக இருந்தாலும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நித்திரையில் பிள்ளை திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டிருந்தால் எழுப்பி, டோர்ச் அடித்துத் தொண்டையைப் பாருங்கள். இரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வெருகல், குச்சவெளி போன்ற தூர இடங்களில் இருப்பவர்கள் அந்தப் பத்து நாளும் நகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமானால் தங்குவது நல்லது.

வலிக்கு பரசிற்றமோல், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம், 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 10 மில்லிலீற்றர். போத்தலில் உள்ள செறிவை வாசித்துவிட்டு அளவுங்கள், எல்லாப் பாணியும் ஒரே செறிவல்ல. முதல் சில நாளுக்கு நேரம் தவறாமல் கொடுத்தால்தான் பிள்ளை தண்ணீர் குடிக்கும். குடிக்காத பிள்ளைக்குத் தொண்டை காய்ந்து வலி கூடும், இரத்தக் கசிவும் கூடும். சாப்பாட்டைவிடத் தண்ணீர் முக்கியம்.

கோடீன் சேர்ந்த வலி மருந்து கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகளின் ஈரல் அதை மிக வேகமாக மோர்பினாக மாற்றிவிடும், மூச்சு நின்று மரணங்கள் நடந்திருக்கின்றன. 2013இல் அமெரிக்க மருந்து நிருவாகத்தின் எச்சரிக்கை வந்தது, 2017இல் 12 வயதுக்குக் கீழே முற்றாகத் தடை என்றார்கள். ஐபுபுரோபன் சில நாடுகளில் வழமையாகக் கொடுக்கிறார்கள். இங்கே நவம்பர் முதல் பெப்ரவரி வரையான மழைக்காலத்தில் டெங்கு கூடுகிறது. டெங்குக் காய்ச்சலில் ஐபுபுரோபனும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். ஆகவே வைத்தியர் எழுதாமல் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஒப்பரேசனுக்குப் பிறகு இரண்டாம் நாளுக்கு மேலும் காய்ச்சல் நின்றால் "தொண்டைப் புண்ணால்தான்" என்று வீட்டில் முடிவெடுக்காமல் இரத்தம் சோதியுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே, கடும் மூச்சுத்தடை, உடற்பருமன், டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகள் ஒப்பரேசன் அன்று இரவு கட்டாயம் வைத்தியசாலையில் ஒக்சிமீற்றரோடு இருக்க வேண்டும். அடைப்பு எடுத்த அன்றே மூச்சு திருந்திவிடாது, வீக்கத்தால் முதல் இரவு இன்னும் மோசமாகலாம்.

#16 புள்ளிவிபரன்

ரொன்சில் எடுத்த பிறகும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் எண். 2010இல் வெளியான பல நிலைய ஆய்வொன்றில் ஒப்பரேசன் செய்த 578 பிள்ளைகளில் மூச்சுத்தடை எண் 1க்குக் கீழே முழுமையாக இறங்கியது 27 வீதமானோருக்கு மட்டும். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு நன்றாகக் குறைந்தது, ஆனால் தீரவில்லை. ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கும் பருமனானோருக்கும் மிச்சம் அதிகம். மூன்று மாதம் கழித்து அதே அதிகாலை வீடியோவை மறுபடி எடுங்கள்.

#17 உவர்மலை_ரீச்சர்

குறட்டையே இல்லாத, வெறுமனே நித்திரை போதாத பிள்ளைகளை இவர்களிடமிருந்து எப்படிப் பிரிப்பது? காலை ஐந்தரைக்கு ரியூசன், ஏழரைக்குப் பள்ளிக்கூடம், பின்னேரம் மறுபடி ரியூசன்.

#18 சிறுவர்_மருத்துவம்

கணக்குப் போட்டுப் பாருங்கள் ரீச்சர். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணித்தியாலம் வேண்டும் என்பது 2016இல் அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் சொன்ன அளவு. ஐந்துக்கு எழும் பிள்ளை ஆகக்குறைந்த 9 மணித்தியாலத்துக்கே இரவு எட்டுக்கு உறங்கியிருக்க வேண்டும். பத்துக்குப் படுக்கும் பிள்ளை ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் கடன்படுகிறது.

2003இல் அவி சாதே செய்த ஆய்வில் நாலாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 77 பேரில் ஒரு பகுதியை மூன்று இரவுக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் படுக்கவும், மறு பகுதியை ஒரு மணித்தியாலம் பிந்திப் படுக்கவும் சொன்னார்கள். மூன்றே இரவில் கவனத்திலும் நினைவுச் சோதனையிலும் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஒப்பரேசனுக்கு முன்னரும் பின்னரும் சோதித்த ஆய்வுகளில் காண முடியாததை இங்கே நேரம் மட்டும் காட்டியிருக்கிறது. புள்ளிக்காக ஒப்பரேசன் தேடும் பெற்றோரிடம் நான் முதலில் அதிகாலை ரியூசனை நிறுத்தச் சொல்வேன்.

பிரிப்பது இப்படி. இரண்டு கிழமை விடுமுறையில் பிள்ளையைத் தானாக எழும்வரை விடுங்கள். முதல் மூன்று நாலு நாள் கடனைத் தீர்க்க அதிகம் உறங்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இரண்டாம் கிழமையில் பத்து மணித்தியாலம் உறங்கியும் காலையில் தலையிடியோடு, வாய் காய்ந்து, எரிச்சலோடு எழுகிறது என்றால் நித்திரையின் அளவு குறையல்ல, தரம் குறை. அந்தப் பிள்ளையை அனுப்புங்கள். தெளிவாக, சிரித்துக்கொண்டு எழுந்தால் நேரசூசியை மாற்றுங்கள்.

#19 உவர்மலை_ரீச்சர்

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் ஒன்றிலும் நான்கிலும் வருகிறது. அந்த நாளில் வைத்திய அதிகாரியிடம் கொடுக்கும் குறிப்பில் என்ன எழுதினால் பயன்படும்?

#20 சிறுவர்_மருத்துவம்

நோயின் பெயரை எழுத வேண்டாம், கண்டதை எழுதுங்கள். வாய் திறந்தபடி இருக்கிறதா, எந்த நேரத்தில் தூங்குகிறது, எந்தப் பாடத்தில் கவனம் உடைகிறது, பின்னால் நின்று பெயர் சொன்னால் திரும்புகிறதா, நண்பர்களோடு சண்டை கூடியது எந்தத் தவணையிலிருந்து. வீட்டில் கேட்டதைத் தனி வரியில், யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். தடிமன் இருந்த நாட்களைக் குறியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து கடிதம் கிடைத்தால், மாவட்டப் பொது வைத்தியசாலைக் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கு அந்தக் கடிதம், சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, கேட்டல் பரிசோதனை முடிவு, இரண்டு நிமிட வீடியோ இவ்வளவையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். வீடியோவை அழைத்துப்போகிறவரின் போனிலேயே போட்டுவிட வேண்டும். அப்பாவின் போனில் இருக்கும், பிள்ளையை அழைத்து வருவது அம்மம்மா.